கம்முனு ஓடற காத்தாடி

ஏனுங்க, இந்தப் பையச் சித்த உங்க காலுக்கு அந்தப்பக்கம் வெச்சுக்கலாங்களா? பயப்படாதீங்க, வெடிச்சுக்கிடிச்சுப் போகாது. பேட்டரிதானுங்க. ஸ்கூட்டர் பேட்டரி. மடியில இருக்கற பொட்டி இங்கயே இருக்கட்டும். இத நா கீழ வெக்கறதில்லீங்க, பஸ்ஸு குலுக்கற குலுக்கலுக்குப் பேரிங் போயிரும்.

கண்டக்டரு! ஏய்யா, சோமனூரு ஒண்ணு! சோமனூரு! எத்தனை தடவ கத்தறது, காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கறே? ம், குடு. பாத்தீங்களா, ஒரு தடவ சொன்னா யாருக்கும் மண்டையில ஏற மாட்டேங்குது. நீங்களும் சோமனூருதானுங்களா? நல்லதாப் போச்சு. பேசிட்டே போயிரலாம். எனக்குப் பேச்சுத்தொண இருந்தாப் போதும், நேரம் போறதே தெரியாது.

மணி என்னங்க ஆச்சு? ரெண்டாகப் போகுதா? ஆகட்டும், நாலு வரைக்கும் நேரமிருக்குது. இன்னிக்கு சோமனூருல கரண்டு இல்லீங்க, தெரியுமில்ல? மாசாந்தர பராமரிப்பு. சோமனூரு, கருமத்தம்பட்டி, சுத்துவட்டாரம் பூராவும் காலைல ஒம்பதுல இருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் கட்டு. பேப்பர்ல போட்டிருந்தாங்க. நா இப்பவெல்லாம் பேப்பரைத் தொறந்தா மொதல்ல அதத்தான் பாக்கறது. மத்த சேதியெல்லாம் அப்பறம். போன மாசம் கரண்டு கட்டான அன்னிக்கு எனக்குக் காச்சலு, எந்திரிக்க முடியல. அதுக்கு முந்துன மாசம் பொட்டி ரெடியாகல. இன்னிக்குத்தான் எல்லாம் கூடி வந்திருக்குது.

கரண்டு இல்லாத நாளாப் பாத்து எவனாச்சும் ஒறம்பரை, சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போவானான்னு கேளுங்க. கேக்கலீனாலும் சொல்றேன். எங்க ஊட்டுல, சம்சாரமுங்க, கோகிலாமணின்னு பேரு, பத்து மாசமா அவ அண்ணன் ஊட்டுல இருக்கறா. என்ற மச்சான் கொழந்தவேலு பன்னெண்டு விசைத்தறி போட்டிருக்கறாரு. ஊட்டுக்கும் தறிக்கும் நடுவுல ஒரே ஒரு செவுரு. பகலு ராத்திரி இல்லாம டக்கடக்கு டக்கடக்குன்னு ஓட்டந்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவுல இத ஓட்டிக் காட்டுனா ஒரு மண்ணும் தெரியாது. தறி நிக்கோணும். தறி நின்னாத்தான் இது எவ்வளவு கம்முனு ஓடுதுன்னு அவளுக்குக் கேக்கும். அதாச்சு, கேக்காதுன்னு தெரியும்.

பொட்டிக்குள்ள என்னன்னுதானே பாக்கறீங்க? ஃபேனுங்க. கம்ப்யூட்டருக்கு வெக்கற காத்தாடி. சிரிக்காதீங்க. இந்த ஒரு காத்தாடியக் கண்டுபுடிக்கறதுக்கு எனக்கு ஒண்ணே கால் வருசம் ஆயிப்போச்சு. இது இல்லாததுனாலதான் அவ போனா. இதக் காட்டித்தான் இன்னிக்கு அவளக் கூட்டிட்டு வரோணும். இந்த நாலு மணிக்குள்ள.

நா என்ன வேலைன்னு நீங்க கேக்கவே இல்லியே. பம்புசெட்டுக்கு டிராயிங் போட்டுக் குடுக்கறதுங்க. பேரு கனகராஜு. கணபதி ஏரியாவுல கேட்டா பவுண்டரிக்காரங்க எல்லாத்துக்கும் தெரியும். பதினெட்டு வருசம் பவுண்டரிக்குள்ளயே வேல பாத்தேன். உள்ள போயிப் பாத்திருக்கறீங்களா? பக்கத்துல நிக்கறவன் பேசறது கேக்காது, கத்தித்தான் பேசோணும். அதுல எனக்குக் கொஞ்சம் வாய்ஸ் பெருசாப் போச்சு. எங்கப்பனும் அதே பவுண்டரிதான். அவரு தண்ணி கேட்டா மூணாவது ஊட்டுல கொண்டாந்து குடுப்பாங்க. அந்த அளவுக்கெல்லாம் நா இல்லீங்க.

ஆறு வருசத்துக்கு முந்தி ஊட்டுலயே கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டேன். நல்ல பெரிய கம்ப்யூட்டரு. ஒரு பம்போட உள்பக்கம் வெளிப்பக்கம் எல்லாத்தையும் திருப்பித் திருப்பிப் பாக்கலாம். ஊடு சின்னதுங்க, ஹாலு ஒண்ணு, ரூமு ஒண்ணு, சமையக்கட்டு ஒண்ணு. அதனால கம்ப்யூட்டரு படுக்கற ரூம்லயே இருந்துச்சு. சித்திர மாசம் வந்தாப் போதும், பொட்டிக்குள்ள அடுப்பு மாதிரி கொதிக்கும். அதுல இருக்கற காத்தாடி ஏரோப்ளேன் கெளம்பறாப்பல கூவும். கூவிக் கூவி ஒரு கட்டத்துல ஸ்கிரீன் அப்படியே நின்னு போயிரும். போட்ட டிராயிங்கு போச்சு. அந்த மாதிரி நேரத்துல மனுசனுக்குக் கோவம் வருமா வராதா? நீங்களே சொல்லுங்க. வரும். நானும் ரெண்டு வார்த்த சத்தம் போடுவேன். பக்கத்துல யாரு இருப்பா? அவதான் இருப்பா.

அப்பறந்தான் தண்ணியில குளுர வெக்கறதுன்னு ரோசன வந்துச்சு. காருக்கு எப்படி? அதேதான். சூடாகற சில்லு மேல ஒரு செம்புக் கட்டி, அதுக்குள்ள தண்ணி ஓடோணும். அந்தத் தண்ணி சூட்ட வாங்கிட்டு ரேடியேட்டருக்குப் போகும், அங்க காத்தாடி அடிச்சு ஆறும், ஆறித் திரும்பி வரும். கடையில ரெடிமேடா விக்கறான். நமக்கெதுக்கு அது? பம்பு ஊருலயே பொறந்து வளந்துபோட்டு தண்ணி சுத்த வெக்கறதுக்கு அடுத்தவன் கிட்டப் போயி நிக்கறதுங்களா? உக்கடம் பழைய இரும்புக் கடையில ஒரு கார் ஹீட்டரோட குட்டி ரேடியேட்டர் புடிச்சேன். செம்புக் கட்டிய என்ற ஃப்ரெண்டு லேத்துல கடஞ்சு குடுத்தான். மீன் தொட்டி மோட்டாரு ஒண்ணு. மட்டம் பாக்கற டியூப்பு நாலு அடி. முடிஞ்சுது.

தண்ணி மட்டும் சிறுவாணித் தண்ணியா ஊத்துனேன். அதுல ஒரு பெரிய கூத்துங்க. எல்லாரும் பேட்டரித் தண்ணிதான் ஊத்தோணும்னாங்க. நமக்கு ஒத்துக்கல. சிறுவாணியாட்டத் தண்ணி உலகத்துல எங்கயாச்சும் உண்டா? போர் தண்ணின்னா உப்புப் புடிக்கும், செரி. சிறுவாணி சக்கரையாட்ட இருக்கும். "குடிக்கறதுக்கு ருசியா இருந்தா கம்ப்யூட்டருக்கு என்னங்க ஆகப்போகுது"ன்னு இவ கேட்டா. உனக்கென்னடி தெரியும்னு நல்லா சத்தம் போட்டேன். இருவது நாள்ல டியூப்பெல்லாம் பச்சைப்பாசி. அவ அதப் பாத்தா. ஒரு வார்த்த சொல்லலீங்க. சொல்லியிருந்தா ஆமா, நீ சொன்னது சரிதான்னு போயிருப்பேன். ஒண்ணும் சொல்லாம பாத்துட்டுப் போறது இருக்குதே, அதுதான் ஆகாது. அதுக்கும் சத்தம் போட்டேன். அப்பறம் கழுவி பேட்டரித் தண்ணி ஊத்துனேன், அது வேற விசயம்.

மோட்டாரு சத்தமில்ல. தண்ணி சத்தமில்ல. மீதி என்ன? காத்தாடி. அங்கதான் மாட்டுனேன்.

காத்தாடி வாங்கறது லேசுப்பட்ட காரியம்னு நெனைக்காதீங்க. மொதல்ல ஒண்ணு வாங்குனேன். அட்டையில போட்டிருந்த நம்பரப் பாத்தா காத்து அள்ளிக் கொட்டும்னு தெரிஞ்சுது. கையில புடிச்சா சட்டை பறக்குது. ரேடியேட்டர்ல மாட்டுனா, அந்தப்பக்கம் ஒரு பொட்டுக் காத்து வரல. ஏன்னா ரேடியேட்டருல தகடு சீப்புப் பல்லாட்ட நெருக்கமா இருக்குமுங்க. காத்து அதுல மோதிப்போட்டு நம்ம மூஞ்சிக்கே திரும்பி வருது. காத்து நெறைய வீசறது வேற, அழுத்தி உள்ள நுழையறது வேற. இது எனக்கு ஒரு மாசங் கழிச்சுத்தான் புரிஞ்சுது.

செரி, அழுத்தறதா ஒண்ணு வாங்குனேன். அழுத்துச்சு. ஆனா குக்கர் விசில் விடாம அடிக்கறாப்பல ஒரு சத்தம். மூணாவது நல்லா இருந்துச்சு, ரேடியேட்டரப் படுக்கப் போட்டதும் கர்ரு கர்ருங்குது. படுக்க வெச்சா அந்தப் பேரிங் தாங்காதாம். கடைக்காரன் இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? அவனையும் கேட்டேன், நல்லா நாலு பேரு பாக்கக் கேட்டேன். நாலாவது கலர் கலரா எரியும், மாரியம்மன் நோம்பியாட்ட. காத்து மட்டும் வராது. அஞ்சு, ஆறு எப்படின்னா, மெதுவாச் சுத்துனா நல்லாருக்கும், வெசையாச் சுத்துனாலும் நல்லாருக்கும், நடுவுல ஒரு வேகம் இருக்குது பாருங்க, அதுக்கு வந்தா ம்ம்ம்முன்னு மாடு ஒறுமறாப்பல ஒண்ணு. அதக் காதால கேக்க முடியாது, பல்லுலதான் தெரியும்.

ஜன்னலச் சாத்துங்க அங்க! ஏம்மா, உங்களத்தான்! புழுதி வாரிக் கொட்டுது, காத்தாடிக்குள்ள போனா யாரு பதில் சொல்றது? ...உங்களச் சொல்லலீங்க, நீங்க உக்காருங்க.

எங்க விட்டேன்? ஆமா. எது சத்தம் கம்மின்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது. பவுண்டரிக் காது. அதனால அவளையே கேக்கலாம்னு முடிவு பண்ணேன். மத்தியானம் சோறு உண்டுபோட்டு சித்த படுத்திருந்தா. எழுப்பி உக்கார வெச்சு, ஆறு காத்தாடியையும் கட்டல்ல வரிசையா வெச்சேன். கண்ண மூடிக்க, ஒவ்வொண்ணா ஓட்டறேன், எது கம்மின்னு சொல்லு அப்படின்னேன். "எல்லாம் ஒண்ணாத்தானுங்க இருக்குது"ங்கறா. ஒண்ணா எப்படி இருக்கும்? நல்லாக் கேளுன்னேன். நாலாவதுன்னா. செரி, உண்மையாத்தான் சொல்றாளா பாக்கலாம்னு வரிசைய மாத்தி மறுக்கா ஓட்டுனேன். இந்தத் தடவ ரெண்டாவதுன்னா. அந்த ரெண்டாவது எது தெரியுங்களா? குக்கரு! குக்கர் விசிலு!

எனக்கு வந்துதுங்க கோவம். மனுசன் உசுரக் குடுத்து உனக்கோசரம் ஒண்ணு பண்றேன், காதுன்னு ஒண்ணு இருக்குதா இல்லியா, வாயத் தொறந்து ஒழுங்கா ஒரு பதில் சொல்ல வக்கில்ல, இத்தனை வருசத்துல ஒண்ணாச்சும் ஒழுங்காச் சொல்லியிருக்கறியா, அப்படீன்னு கேட்டேன். அவ காதை ரெண்டு கையால பொத்திக்கிட்டா. நா என்ன மடையனா? ஒடனே புரிஞ்சுபோச்சு, இந்தக் குக்கர் சத்தம் ஆகலைன்னு. டக்குன்னு எல்லாக் காத்தாடியையும் நிறுத்துனேன். இப்ப எடுடி கைய, நின்னுபோச்சு பாரு, எடுடின்னேன். எடுக்கலீங்க. எல்லாம் நின்ன பொறவும் காதைப் பொத்திக்கிட்டே உக்காந்திருந்தா. அப்பத்தான் எனக்கு இது எவ்வளவு தூரம் போயிருக்குதுன்னு தெரிஞ்சுது. சில சன்னமான சத்தமெல்லாம் நின்ன பின்னாலயும் காதுக்குள்ளயே தங்கிரும்னு படிச்சிருக்கறேன்.

சாயங்காலம் ஒரு பையில துணி எடுத்து வெச்சா. நா ரேடியேட்டருக்குப் பஞ்சுப் பட்டை ஒட்டிட்டு இருந்தேன். வாசப்படியில நின்னு சொன்னா, அப்படியே மெதுவா: "எனக்கு இந்தச் சத்தம் ஆகலீங்க. இருவத்தேழு வருசமாச்சு. இனி முடியாதுங்க."

அவ்வளவுதான் சொன்னா. நா என்ன சொன்னேன்? ரெண்டு நாளு பொறு, வேற பேரிங் வெச்சது வருது, செரியாப் போயிரும்னு சொன்னேன். போயிட்டா. இதே பஸ்ஸுலதான் போனா.

இருவத்தேழு வருசமாமா! நீங்களே கணக்குப் போடுங்க. கம்ப்யூட்டர் வாங்கி ஆறு வருசம். இந்தக் காத்தாடி வெக்க ஆரம்பிச்சு அப்ப அஞ்சு மாசம். இருவத்தேழு எங்கிருந்து வந்துச்சு? கலியாணம் ஆகித்தான் இருவத்தேழு வருசம். பொம்பளைங்களுக்குக் கோவம் வந்தா நம்பரு தெரியாது, வாயில வந்ததச் சொல்றது. நா அதயெல்லாம் பெருசா எடுத்துக்கல.

ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புடிபட மாட்டேங்குதுங்க. மச்சான் கிட்டப் போன்ல கேட்டேன், எப்படி இருக்கறான்னு. "நல்லாத் தூங்கறா மாப்ள, படுத்தா காலைல ஏழுக்குத்தான் எந்திரிக்கறா"ன்னாரு. பன்னெண்டு தறிங்க! செவுத்துக்கு அந்தப்பக்கம்! என்ற ஊட்டுல ராத்திரி மூணு தடவ எந்திரிச்சு சமையக்கட்டுல போயி உக்காந்துக்குவா. கேட்டா தூக்கம் வரலீங்கம்பா. தறிக்குப் பக்கத்துல தூங்கறவளுக்கு என்ற காத்தாடி ஆகலைன்னா எப்படிங்க? பொறந்ததுல இருந்து பழகுன சத்தம், அதனாலதான்னு நானே சொல்லிக்கிட்டேன். வேற என்ன இருக்கும்?

இருங்க, போனு. சிந்து, என்ற பொண்ணு. ஓசூருல வேலையா இருக்கறா. அலோ! ஆங், சொல்லு அம்மணி! சத்தமாப் பேசு, கேக்கல! நா கத்தலீம்மா, பஸ்ஸுல இருக்கறேன்! ...ஆமா, அங்கதான் போறேன். ஏன், போகக் கூடாதா? ...என்ன ஓடிபி? வரல! எனக்கு ஒண்ணும் வரல! ...வந்தாச் சொல்றேன்னு சொன்னனில்ல, மறுக்கா மறுக்கா அதயே கேட்டா என்ன அர்த்தம்? ...அழுகாத. இப்ப எதுக்கு அழுகறே? நா என்ன சொல்லிப்போட்டேன்? அலோ? அலோ! ...வெச்சுட்டா. டவரு இல்லீங்க இந்த எடத்துல.

ஓடிபி என்னன்னா, ரேசன் கார்டுல அவ பேர எடுத்துப்போட்டு அண்ணன் ஊட்டுக் கார்டுல சேக்கோணுமாம். கார்டு என்ற பேருல இருக்குது, நம்பரு என்ற நம்பரு. சிந்து அங்க உக்காந்து கம்ப்யூட்டர்ல அமுத்துனா இங்க எனக்கு வருது. மூணு தடவ வந்துச்சு. நா சொல்லல. அரிசி எச்சாக் கெடைக்கும்னு மச்சான் பொண்டாட்டி சொல்லிக் குடுத்திருப்பா, வேற ஒண்ணுமில்ல. இன்னிக்கு இத ஓட்டிக் காட்டுன பொறவு அவளே வேண்டாம்னு சொல்லிருவா. இன்னிக்கும் கேக்கலீனா... அட, கேக்காம என்ன. கேப்பா.

இந்தச் சிந்து இருக்கறாளே, அவ ஒருக்கா சொன்னா, "அப்பா, அம்மா சொன்னது காத்தாடி இல்லப்பா"ன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. காத்தாடி இல்லீன்னா வேறென்ன? மோட்டாரு! அதை நா யோசிக்கவே இல்ல பாருங்க. அன்னிக்கே மீன் தொட்டி மோட்டாரக் கழட்டி மெத்தைப் பஞ்சுல பொதிஞ்சு வெச்சேன். பொண்ணு கிட்டச் சொன்னேன், மோட்டாரும் செரி பண்ணிட்டேன் அம்மணின்னு. அம்மாவாட்டவே அவளும். வாயில கொழுக்கட்டை.

இப்பக் காட்டறேன் பாருங்க. இந்த ஒயரச் சித்தப் புடிங்க. சிவப்பு இங்க, கருப்பு இங்க. ம், சுத்துது பாருங்க. காதுகிட்ட வெக்கறேன். கேக்குதுங்களா? இல்லீல்ல? எனக்கும் கேக்கல. இறக்கை ஒவ்வொண்ணும் அகலமா வளைஞ்சிருக்குது, அதனால மெதுவாச் சுத்துனாலே அழுத்தம் வரும். பேரிங் எண்ணெயில மெதக்கறது. நாலு மூலைக்கும் ரப்பர். இன்னொண்ணு கண்டுபுடிச்சேன், அது எந்தப் புத்தகத்துலயும் படிச்சதில்ல, நானாக் கண்டுபுடிச்சது. காத்தாடிய முன்னாடி வெச்சுக் காத்தத் தள்ளறத விட, பின்னாடி வெச்சு இழுத்தா என்ற ரேடியேட்டருக்குச் சத்தம் கம்மி. தள்ளத் தள்ள அது எதுத்துக்கிட்டுக் கத்துது. நைசா இழுத்தாத் தானா வந்துருது. இதுக்கு ஆறு மாசம் ஆச்சுங்க.

போன்ல ஒரு ஆப்பு இருக்குது, சத்தத்த அளக்கறது. ஊட்டுல கதவச் சாத்தி, கம்ப்யூட்டர முழுசா ஓட விட்டு வெச்சேன். இருவத்திரெண்டு. இருவத்திரெண்டுன்னா என்னன்னு தெரியுங்களா? எல விழுகற சத்தம். பக்கத்து ஊட்டுல புள்ளைங்க பேசறதே நாப்பத்தஞ்சு. எனக்குச் சந்தோசம் தாங்கல. என்னையறியாம "கோகிலா, வந்து பாரு!"ன்னு கூப்பிட்டுட்டேன். மறந்துபோச்சுங்க அவ இல்லாதது. மீட்டரப் பாத்தா எம்பத்தாறு. எம்பத்தாறா? தறிக்குப் பக்கத்துல வெச்சாத்தான் அவ்வளவு காட்டும். மறுக்கா கூப்பிட்டுப் பாத்தேன். எம்பத்தெட்டு. மைக்கு சரியில்ல, ஓசி ஆப்பு தானே, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்னங்க. அன்னிக்கு அதுக்கப்பறம் அப்படியே உக்காந்திருந்தேன். ஊடு கம்முனு இருக்குது. ஒண்ணே கால் வருசமா இதுக்குத்தான பாடுபட்டேன்? ஒரு சத்தமில்ல. கரண்டி விழுகற சத்தமில்ல, கொலுசில்ல, சீரியலில்ல. ஒரு டம்ளர் தண்ணி குடுன்னு கேக்க வாயெடுத்தா யாரு கிட்டக் கேக்கறது? சத்தம் போடறதுக்குக்கூட ஆளில்லீங்க. எனக்கு அழுகாச்சி வந்துருச்சு. அம்பத்திமூணு வயசுல காத்தாடியக் கையில வெச்சுட்டு அழுதேன். யாருகிட்டயும் சொல்லிராதீங்க. அவ இல்லாம எனக்கு முடியலீங்க. இத அவகிட்டச் சொல்லோணும்னுதான் நெனைக்கறேன். போன்ல சொல்ல ஆரம்பிச்சா எங்கயோ போயி வேற எதுலயோ முடிஞ்சுருது. போன தடவ "நீ இல்லாம முடியல"ன்னு சொல்றதுக்குத்தான் கூப்பிட்டேன். கேஸ் புக்கு எங்க வெச்சேன்னு கேட்டு, அவ யோசிக்கறதுக்குள்ள ரெண்டு சத்தம் போட்டேன், அவ போன வெச்சுட்டா. அதனாலதான் இத எடுத்துட்டு நேராவே போறேன். நா பேச வேண்டியதில்ல பாருங்க. இது பேசும். ஓட்டிக் காட்டுவேன், அவ காதுகிட்ட வெப்பேன், அவளுக்கே புரியும்.

இன்னும் என்ன இங்கயே நிக்குது? ஏனுங்க, எந்த எடம் இது? கருமத்தம்பட்டியா? மணி மூணே காலு. இன்னும் ரெண்டு மைலு. மூணரைக்குப் போயிட்டாலும் அரை மணி நேரம் கையில இருக்குது. டீ குடிச்சுட்டு, நல்லா இருக்கறியான்னு கேட்டுப்போட்டு, அப்பறம் வெளிய எடுத்தாக் கூடப் போதும்.

அந்தப் பேக்கரியப் பாருங்க.

லைட்டு எரியுது. உள்ள ஃபேன் சுத்துது. ஜெனரேட்டரா இருக்குமா? பக்கத்துக் கடையிலயும் எரியுதே. அதுக்குப் பக்கத்துலயும். ஏம்ப்பா! ஏய், பேக்கரி! கரண்டு வந்துருச்சா? எப்ப வந்துச்சு? ...இப்பத்தானா? பூரா எடத்துக்குமா? சோமனூருக்குமா?

அட கெரகமே! நாலு மணின்னு போட்டானே! நாலு மணின்னுதானே போட்டான் பேப்பர்ல! என்னிக்காச்சும் சொன்ன நேரத்துக்குக் கரண்டு வந்திருக்குதா? அஞ்சுக்கு வரும், ஆறுக்கு வரும். இன்னிக்குன்னு பாத்து முக்கா மணி நேரம் முன்னாடி எவன்டா விடச் சொன்னது? இனி அடுத்த மாசந்தானா? அடுத்த மாசம் வரைக்கும் அந்த ஓடிபிய நா எப்படிங்க புடிச்சு வெக்கறது? இந்நேரம் பன்னெண்டு தறியும் ஓட்டி விட்டிருப்பாங்க! யோவ் டிரைவரு, எடுய்யா வண்டிய! என்னத்த நின்னு வேடிக்கை பாக்கறே! என்ன, என்ன கண்டக்டரு, மெதுவாப் பேசறதா? நா மெதுவாத்தான்யா பேசிட்டிருக்கறேன்! உனக்கென்ன தெரியும் என்ற பாடு!

ஏனுங்க, நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க? சோமனூரு இன்னும் வரலீங்க. ஒயரு, ஒயரு, பாத்து. எங்க போறீங்க? முன்னாடியா? அங்க உக்காராதீங்க, அது இன்ஜின் மேல சீட்டுங்க. சூடு வேற. சத்தம் காதைப் பொளந்துரும், நா சொல்றேன், அங்க மனுசன் உக்கார மாட்டான். இங்கயே இருங்க. நா பேசலீங்க. சோமனூரு வர்ற வரைக்கும் நா ஒரு வார்த்த பேசல, கம்முனு வர்றேன். ஏனுங்க! உங்களத்தானுங்க!

உக்காந்துட்டாரு பாரு. இன்ஜினு மேல. கண்ண வேற மூடிக்கிட்டாரு.

என்னத்தப் பாக்கறீங்க எல்லாரும் திரும்பித் திரும்பி? அவளுக்குப் பன்னெண்டு தறிச் சத்தம் ஆகுது. அவருக்கு இன்ஜின் சத்தம் ஆகுது. அப்ப எந்தச் சத்தந்தான்யா ஆகமாட்டேங்குது? இத்தனை பேரு இருக்கறீங்களே, ஒருத்தராச்சும் வாயத் தொறந்து சொல்லுங்களேன்!